லண்டன் நகர மையத்தின் குண்டுச் சேத வரைபடம்: காகிதத் தாளிலிருந்து கணினி அடுக்கு வரை

குண்டு எங்கே விழுந்தது என்பது ஒரு கேள்வி. கட்டடம் என்ன ஆனது என்பது வேறொரு கேள்வி. இரண்டுக்கும் தனித்தனி ஆவணங்கள் உண்டு. அவற்றைத் தயாரித்தவர்களும், தயாரித்த நோக்கமும் வேறு. இரண்டையும் ஒரே அடுக்கில் போட்டுக் கலக்குவதுதான் இரண்டாம் உலகப்போர்க்கால லண்டனின் சேத வரைபடங்களில் அடிக்கடி நடக்கும் பிழை. இந்த வழிகாட்டி முழுக்க அவற்றைப் பிரித்தே வைத்திருக்கிறோம்.

கலந்தால் என்ன ஆகும் என்பதற்கு 1940 டிசம்பர் 29 ஞாயிறு இரவே போதும். செயின்ட் பால் தேவாலயத்தைச் சுற்றிய பகுதியை அன்று எரித்தவை பெரும்பாலும் ஒரு கிலோ எடையுள்ள சிறிய தீக்குண்டுகள். வார விடுமுறை என்பதால் அலுவலகங்களும் கிடங்குகளும் பூட்டிக் கிடந்தன. தண்ணீர்க் குழாய்கள் உடைந்துபோயின, தேம்ஸ் ஆற்றிலும் நீர்மட்டம் தாழ்ந்திருந்த நேரம். பேட்டர்னோஸ்டர் ரோவின் புத்தகக் கிடங்குகள் மொத்தமாகச் சாம்பலாயின. எண்ணற்ற தீக்குண்டுகளை ஒவ்வொன்றாகப் புள்ளியிட யாராலும் முடியாது. குண்டு விழுந்த இடங்களைக் குறித்த அரசுக் கணக்கெடுப்பின் புள்ளிகள் முக்கியமாக வெடிகுண்டுகளுக்கு உரியவை. ஆகவே புள்ளி வரைபடத்தை மட்டும் பார்த்தால் இந்தப் பகுதி அவ்வளவு மோசமில்லை என்று தோன்றும். சேத வரைபடத்தில் அதே இடம் மிகக் கடும் சேதத்தைக் குறிக்கும் கருப்பும் ஊதாவுமாகக் கிடக்கும்.

எல்லை

முதல் முயற்சிக்கு லண்டன் முழுவதையும் எடுக்க வேண்டாம். தெற்கே செயின்ட் பால், வடக்கே கிரிப்பிள்கேட், மேற்கே ஆல்டர்ஸ்கேட் தெரு, கிழக்கே மூர்கேட் என்று வரையறுத்தால் ஏறத்தாழ அரைச் சதுர கிலோமீட்டர் வரும். இந்தத் துண்டில் எல்லா வகைச் சேதமும் இருக்கிறது. கிரிப்பிள்கேட் வார்டில் 1951 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இருந்தவர்கள் 48 பேர்தான். பின்னாளில் பார்பிகன் குடியிருப்பு எழுந்ததும் இங்கேதான். அதனால் பழைய தெருக்கள் பலவற்றுக்கு இன்றைய வரைபடத்தில் தடமே கிடையாது. வேலையின் பாதிக் கஷ்டம் அதில்தான்.

நிர்வாக எல்லையும் முக்கியம். லண்டன் கவுன்ட்டி கவுன்சிலின் சேத வரைபடங்கள் சிட்டி ஆஃப் லண்டனையும் 28 மெட்ரோபாலிட்டன் பரோக்களையும் உள்ளடக்கியவை. கிழக்கே கடும் அடி வாங்கிய வெஸ்ட் ஹாமும் தெற்கே வி-1 என்ற ஆளில்லாப் பறக்கும் குண்டுகள் நிறைய விழுந்த கிராய்டனும் அன்றைக்கு அந்தக் கவுன்ட்டிக்கு வெளியே இருந்தன. வரைபடத்தின் ஓரத்தில் நிறம் சட்டென்று நின்றுபோனால் குண்டு அங்கே நின்றுவிட்டது என்று பொருளில்லை.

தேவையான ஆவணங்கள்

முதன்மையானது கவுன்சிலின் கட்டடக் கலைத் துறை கையால் வண்ணம் தீட்டிய சேத வரைபடம். 110 தாள்கள். அடித்தளம் பிரிட்டனின் அரசு நில அளவை நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் 1:2500 அளவிலான தாள். 1916-ஐச் சேர்ந்ததை 1940 வரை திருத்தியது. மூலம் லண்டன் ஆர்க்கைவ்ஸில் உள்ளது. லண்டன் மெட்ரோபாலிட்டன் ஆர்க்கைவ்ஸ் என்பது அதன் பழைய பெயர். 'லேயர்ஸ் ஆஃப் லண்டன்' தளத்தில் இதை ஒரு அடுக்காக இணையத்திலேயே பார்க்கலாம். முன்னோட்டத்துக்கு அது போதும், அளவெடுக்கப் போதாது.

இரண்டாவது, உள்நாட்டுப் பாதுகாப்பு அமைச்சகத்தின் குண்டுக் கணக்கெடுப்பு. 1940 செப்டம்பரில் லண்டன், பர்மிங்ஹாம், லிவர்பூல் ஆகிய மூன்று இடங்களில் தொடங்கியது. வரைபடங்கள் லண்டனின் கியூ பகுதியில் உள்ள நேஷனல் ஆர்க்கைவ்ஸில் எச்.ஓ. 193 தொடரிலும், அவற்றுக்குரிய தாள்கள் எச்.ஓ. 198 தொடரிலும் இருக்கின்றன. 1940 அக்டோபர் 7 முதல் 1941 ஜூன் 6 வரையிலான புள்ளிகளை போர்ட்ஸ்மவுத் பல்கலைக்கழகத்தின் 'பாம்ப் சைட்' திட்டம் கணினியில் ஏற்றியிருக்கிறது. பிளிட்ஸ் எனப்படும் தொடர் வான்தாக்குதல் தொடங்கியதோ செப்டம்பர் 7. இடைப்பட்ட ஒரு மாதத்தில் முதல் இரவைத் தவிர மற்றவை அந்தத் திரட்டில் இல்லை என்பதை உங்கள் குறிப்பேட்டில் முதல் வரியாக எழுதிவையுங்கள்.

மூன்றாவது, போர் முடிந்த கையோடு பிரிட்டிஷ் விமானப்படையான ஆர்.ஏ.எஃப். எடுத்த செங்குத்து வான்படங்கள். ஹிஸ்டாரிக் இங்கிலாந்து ஆவணக் காப்பகத்தில் கேட்டுப் பெறலாம். கூகுள் எர்த் புரோவின் பழைய படங்கள் பகுதியிலும் 1945-ஆம் ஆண்டு லண்டன் கிடைக்கும்.

நான்காவது, ஸ்காட்லாந்து தேசிய நூலகம் இணையத்தில் வைத்திருக்கும், 1940-களின் இறுதியிலிருந்து வெளிவந்த 1:1250 ஆர்ட்னன்ஸ் சர்வே தாள்கள். இடிந்த மனைகள் மேல் 'ரூயின்' என்று அச்சிட்டிருப்பார்கள். இந்த நாலாவதைப் பலர் தேடுவதில்லை. வேலையைக் காப்பாற்றுவது பெரும்பாலும் இதுதான்.

கட்டடத்தின் எண், மாடி எண்ணிக்கை, கட்டுமானப் பொருள் வேண்டுமென்றால் கோட் நிறுவனத்தின் தீக்காப்பீட்டு வரைபடங்கள் இருக்கின்றன. கட்டாயமில்லை.

ஸ்கேன்

முழுத் தாள் 38 அங்குல நீளம், 25 அங்குலத்துக்குச் சற்று மேல் அகலம். தரையில் ஒன்றரை மைலுக்கு ஒரு மைல். 300 டிபிஐ-யில் (அங்குலத்துக்கு 300 பிக்சல்) ஒரு பிக்சல் தரையில் 21 செ.மீ., 400-இல் 16 செ.மீ. கோட்டின் தடிமனே 0.3 மி.மீ., அதாவது முக்கால் மீட்டர். ஆகவே 300 டிபிஐ போதும். 400-க்குப் போனால் அழுத்தாத ஒரு தாள் 450 எம்.பி.யைத் தாண்டும், கூடுதல் துல்லியம் ஒன்றும் கிடைக்காது. டிஃப் கோப்பாகக் கேளுங்கள். ஜேபெக் வேண்டாம்: அதன் அழுத்த முறை, நிறங்கள் சந்திக்கும் ஓரங்களைக் கலங்கடித்துவிடும், அடர் சிவப்புக்கும் ஊதாவுக்கும் உள்ள நூலிழை வித்தியாசம் அங்கேயே தொலையும். நிற அளவுப் பட்டையையும் தாளோடு சேர்த்து ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள்.

இடப்பொருத்தம்

அதிக நேரம் செலவிட வேண்டிய கட்டம் இது: ஸ்கேன் படத்தைத் தரையின் ஆள்கூறுகளோடு பொருத்துவது. பழைய கவுன்ட்டித் தாள்கள் கசினி வீழலில் (பூமியின் வளைவைத் தட்டையாக்கும் ஒரு முறை) வரையப்பட்டவை. நாட்டின் இன்றைய ஆள்கூற்று முறையான பிரிட்டிஷ் தேசியக் கட்டத்தின் வீழல் டிரான்ஸ்வர்ஸ் மெர்கேட்டர். போதாக்குறைக்குக் காகிதம் சுருங்கியிருக்கும், அதுவும் நீளத்திலும் அகலத்திலும் ஒரே அளவாக அல்ல. 0.3 விழுக்காடு சுருக்கமே நீளவாக்கில் ஏறத்தாழ 7 மீட்டர் பிழையாக வந்து நிற்கும். சிட்டியின் குறுகிய மனைகளில் 7 மீட்டர் என்றால் அடுத்த வீட்டின் சேதத்தை இந்த வீட்டுக்கு எழுதியதாகும்.

பழைய தாளை நேராக இன்றைய வரைபடத்தோடு கட்டாதீர்கள். பார்பிகனில் கட்டுவதற்கு எதுவும் மிஞ்சவில்லை. நடுவில் ஒரு படி வையுங்கள்: சேதத் தாளை 1:1250 போர்ப்பிந்தைய தாளோடு பொருத்துங்கள். அந்தத் தாளில் தேசியக் கட்டக் கோடுகள் அச்சிலேயே இருக்கின்றன, தெருக்களும் இன்னும் பழைய இடத்திலேயே இருக்கின்றன.

கியூஜிஐஎஸ் மென்பொருளில் செய்யும் வரிசை இது:

1. திட்டத்தின் ஆள்கூற்று முறையை இபிஎஸ்ஜி 27700 (தேசியக் கட்டம்) என்று அமையுங்கள். இணைய அடித்தள வரைபடம் ஏற்றியதும் மென்பொருள் தானாகவே 3857-க்கு (இணைய மெர்கேட்டர்) தாவியிருக்கலாம், கவனியுங்கள்.
2. உலக ஆள்கூற்றிலிருந்து தேசியக் கட்டத்துக்கு மாற்ற ஓஎஸ்டிஎன்15 கட்டக் கோப்பை நிறுவுங்கள். அது இல்லாவிட்டால் மென்பொருள் பொதுவான ஏழு அளவுரு மாற்றத்தைப் பயன்படுத்தும். 5 மீட்டர் வரை பிசகும்.
3. ஜியோரெஃபரன்சரில் தாளைத் திறந்து 12 கட்டுப்பாட்டுப் புள்ளிகள் (இரண்டு வரைபடங்களிலும் ஒரே இடத்தைக் காட்டுபவை) வையுங்கள்: மூலைகளுக்கு அருகே 4, விளிம்புகளின் நடுவே 4, உள்ளே 4. எல்லாப் புள்ளிகளும் ஒரே பக்கம் குவிந்தால் மறுபக்கம் காற்றில் ஆடும்.
4. மாற்ற வகையாக பாலினோமியல் 1-ஐத் தேர்ந்தெடுங்கள். ஹெல்மர்ட் மாற்றம் இரு திசையிலும் ஒரே விகிதத்தில்தான் நீட்டும். சமமில்லாத சுருக்கத்தை அது சரிசெய்யாது.
5. மறுமாதிரிக்கு, அதாவது பொருத்திய படத்தின் பிக்சல்களை மீண்டும் கணக்கிட, நியரஸ்ட் நேபர் முறை. வேறு முறைகள் பக்கத்துப் பிக்சல்களின் நிறங்களைக் கலந்து, நிறவிளக்கத்தில் இல்லாத புது நிறங்களை உண்டாக்கும்.
6. சராசரிப் பிழை 2 மீட்டருக்குள் வர வேண்டும். 3-ஐத் தாண்டினால் அதிக எச்சம் (விலகல்) காட்டும் புள்ளியை நீக்குவதற்கு முன் அது ஏன் விலகுகிறது என்று பாருங்கள்.
7. பொருத்தத்தில் சேர்க்காத 3 இடங்களை முதலிலேயே ஒதுக்கிவைத்து, முடிந்தபின் அங்கே அளவுகோல் வைத்து அளந்து பாருங்கள்.

தின் பிளேட் ஸ்பிளைன் என்ற வகையைத் தேர்ந்தால் பிழை பூஜ்யம் என்று காட்டும். மயங்க வேண்டாம். அந்த முறை எல்லாப் புள்ளிகளையும் வலுக்கட்டாயமாக உட்கார வைக்கும். நீங்கள் தவறான மூலையைச் சொடுக்கியிருந்தாலும் காட்டிக்கொடுக்காது, தாளை அங்கே இழுத்து நெளித்துவிடும்.

கட்டுப்பாட்டுப் புள்ளிக்கு நல்லவை: செயின்ட் ஜைல்ஸ் கிரிப்பிள்கேட் தேவாலயத்தின் சுவர் மூலைகள், கில்டுஹாலின் இடைக்காலச் சுவர், செயின்ட் பார்த்தலோமியூ த கிரேட், கிறிஸ்ட் சர்ச் கிரேஃப்ரயர்ஸின் கோபுரம், இப்போது சாலை நடுவே தனியாக நிற்கும் செயின்ட் ஆல்பன் வுட் தெருக் கோபுரம். செயின்ட் மேரி ஆல்டர்மன்பரி ஒரு விசித்திரம். 1940-இல் எரிந்த அந்தத் தேவாலயத்தின் கற்கள் 1960-களில் அமெரிக்காவின் மிசௌரி மாநிலம் ஃபுல்டனுக்குக் கப்பலேறிவிட்டன, ஆனால் அடித்தளக் கோடு லண்டன் பூங்காவில் அப்படியே இருக்கிறது. புள்ளி வைக்க அது தாராளமாக உதவும்.

கெட்டவை: நடைபாதை ஓரங்கள், சாலைச் சந்திப்புகள். பல தெருக்களைப் போருக்குப் பின் அகலப்படுத்தினார்கள். 'லண்டன் வால்' தனிப்பொறி. மூர்கேட்டுக்கு மேற்கே இன்று அந்தப் பெயரில் ஓடும் அகலச் சாலை போருக்குப் பின் புதிதாகப் போட்டது. பழைய தெரு அங்கே அதற்குச் சற்று வடக்கே ஓடியது. பெயரை நம்பிப் புள்ளி வைத்தால் தாள் முழுதும் தெற்கே நழுவும்.

ஆறு நிறங்கள்

நிறவிளக்கம் கடுமையிலிருந்து லேசானது நோக்கி இப்படிப் போகும்:

- கருப்பு: முழு அழிவு
- ஊதா: பழுதுபார்க்க முடியாத சேதம்
- அடர் சிவப்பு: கடும் சேதம், பழுதுபார்க்க முடியுமா என்பது சந்தேகம்
- வெளிர் சிவப்பு: கடும் சேதம், செலவு செய்தால் பழுதுபார்க்கலாம்
- ஆரஞ்சு: வெடியதிர்வால் பொதுவான சேதம், கட்டமைப்புக்கு அல்ல
- மஞ்சள்: வெடியதிர்வால் சிறு சேதம்

வெளிர் பச்சை ஏழாவது படி அல்ல. அது அகற்றித் துப்புரவாக்கும் பகுதிக்கான குறி. அதைச் சேத வரிசையில் ஒரு படியாகச் சேர்த்துச் சராசரி எடுத்தால் கணக்கு கெட்டுவிடும். பெரிய வட்டம் வி-1, சிறிய வட்டம் வி-2 என்ற ராக்கெட். வட்டத்தின் அளவு வெடிப்பின் பரப்பைக் காட்டுவதில்லை. இரு ஆயுதங்களையும் பிரித்துக் காட்டும் அடையாளம், அவ்வளவே. வட்டத்துக்குள் இருப்பவை எல்லாம் அழிந்தவை என்று எடுத்துக்கொள்பவர்கள் உண்டு, அது தவறு.

இந்த ஆறும் 'இதைப் பழுதுபார்க்க இயலுமா, கட்டுபடியாகுமா' என்ற மதிப்பீட்டின் படிகள். குண்டின் எடையையோ இறந்தோர் எண்ணிக்கையையோ அவை சொல்லவில்லை. தேதியும் சொல்லவில்லை: 1940-இல் பாதி எரிந்து 1944-இல் மீண்டும் அடிபட்ட கட்டடத்துக்கும் கடைசியில் தெரிவது ஒரே நிறம்தான்.

நிறத்தைக் கணினி தானாகப் பிரித்துக்கொள்ளட்டும் என்று விட ஆசையாக இருக்கும். மஞ்சளும் ஆரஞ்சும் ஓரளவு தேறும். கருப்பு, அச்சுக்கோடுகளோடும் எழுத்துகளோடும் சேர்ந்துகொள்ளும். கையால் பூசிய வண்ணம் ஒரே கட்டடத்துக்குள்ளேயே ஒரு ஓரம் திட்டாகத் தேங்கி, மறு ஓரம் வெளிறியிருக்கும். அந்தத் திட்டை மென்பொருள் அடர் சிவப்பு என்றும் வெளிறியதை வெளிர் சிவப்பு என்றும் இரண்டாக வெட்டும். அரைச் சதுர கிலோமீட்டருக்குக் கையால் வரைவதே விரைவு. ஒவ்வொரு தாளிலும் சந்தேகமில்லாத ஐந்தாறு இடங்களிலிருந்து நிற மாதிரி எடுத்துத் திரையின் ஓரத்தில் பட்டையாக வைத்துக்கொண்டு ஒப்பிடுங்கள். ஒரு தாளின் மாதிரி இன்னொரு தாளுக்கு உதவாது.

பாலிகன் வரைதல்

கோப்பு வகை ஜியோபேக்கேஜ். முனைகளை ஒட்டவைக்கும் ஸ்னாப்பிங்கை இயக்கி, இடவியல் திருத்தத்தையும் இயக்குங்கள். இல்லாவிட்டால் பக்கத்துக் கட்டடங்களுக்கு இடையே மயிரிழைச் சந்துகள் நூற்றுக்கணக்கில் விழும். நிற எல்லையை வரையாதீர்கள், கட்டடத்தின் எல்லையை வரைந்து நிறத்தைப் பண்பாகக் கொடுங்கள். தூரிகை கோட்டைத் தாண்டிப் போயிருக்கலாம், தாண்டியது சேதமல்ல.

ஒவ்வொரு பாலிகனுக்கும், அதாவது வரைந்த மூடிய வடிவத்துக்கும், இந்தப் புலங்கள் தேவை: தாள் எண், நிறக் குறியீடு, உறுதி, அன்றைய தெருப் பெயர், கதவு எண், காரணம், முந்தைய எல்லைத் தேதி, பிந்தைய எல்லைத் தேதி, ஆதாரம். உறுதிப் புலத்தில் 1 என்றால் ஐயமில்லை, 2 என்றால் அடுத்த படியாகவும் இருக்கலாம், 3 என்றால் வாசிக்க இயலவில்லை. காரணம் தெரியாவிட்டால் 'தெரியாது' என்றே எழுதுங்கள். காலியாக விட்டால் பார்க்க மறந்ததா, பார்த்தும் தெரியவில்லையா என்று பின்னால் பிரிக்க முடியாது. நிறமில்லாத கட்டடங்களையும் வரையுங்கள். விகிதம் சொல்ல அவைதான் வகுக்கும் எண்.

பத்தில் ஒரு பங்குப் பாலிகன்களை இரண்டாவது ஆள், முதலாமவரின் குறியீட்டைப் பார்க்காமல் குறியிடட்டும். முரண்பாடு பெரும்பாலும் ஊதா – அடர் சிவப்பு எல்லையில் குவியும். அப்படியானால் இறுதி அட்டவணையில் அந்த இரண்டையும் தனித்தனியாகவும், சேர்த்தும் இரு விதமாகக் கொடுப்பதே நேர்மை.

தெருப் பெயரில் ஒரு சிக்கல். ஒரே பெயரில் பல தெருக்கள் இருந்ததால் 1930-களின் பிற்பகுதியில் கவுன்சில் நிறையப் பெயர்களை மாற்றியது. வான்தாக்குதல் காவலர்களின் அறிக்கையில் ஒரு பெயரும் தாளில் இன்னொரு பெயரும் இருந்தால், பிழை என்று முடிவுகட்டும் முன் கவுன்சிலின் தெருப்பெயர்ப் பட்டியலைப் பாருங்கள்.

குண்டுப் புள்ளிகள்

இது தனி அடுக்கு. கணக்கெடுப்புத் தாள்கள் மைலுக்கு ஆறு அங்குலம், அதாவது 1:10,560. அதில் 2 மி.மீ. பொட்டு தரையில் 21 மீட்டர். எனவே பொட்டு எந்தக் கட்டடத்தின் மேல் உட்கார்ந்திருக்கிறதோ அதில்தான் குண்டு விழுந்தது என்று எழுதவே கூடாது. ஒவ்வொரு புள்ளியையும் சுற்றி 30 மீட்டர் வளையம் போட்டு, அதற்குள் வரும் சேதப் பாலிகன்களுக்குச் 'சாத்தியமான தொடர்பு' என்று மட்டும் குறியிடுங்கள். உறுதியாக்க வேண்டுமென்றால் காவலர் அறிக்கையோ தேதியிட்ட புகைப்படமோ வேண்டும். சிட்டி போலீஸ்காரர்கள் ஆர்தர் கிராஸ், ஃபிரெட் டிப்ஸ் எடுத்த படங்கள் இந்தப் பகுதிக்குப் பெரும் துணை.

தேதியை இரவுக் கணக்கில் பதியுங்கள். சிட்டியில் விழுந்த முதல் குண்டு ஃபோர் தெருவில், 1940 ஆகஸ்ட் 25 அதிகாலை 12.15 மணிக்கு. சில ஆவணங்கள் அதை 24-ஆம் தேதி இரவு என்றே குறிக்கும். ஒரே குண்டு இரண்டாக எண்ணப்படாமலிருக்க 'ஆகஸ்ட் 24/25' என்ற வடிவமே சரி. 1941 மே 10/11 தாக்குதல் இரவுக்கும் அப்படித்தான்.

வி-1, வி-2 வட்டங்களைப் புள்ளியாக ஏற்றும்போது சுற்றியுள்ள நிறம் ஒத்துப்போகிறதா பாருங்கள். வி-1 சுமந்தது 850 கிலோ வெடிபொருள். தரைமட்டத்தில் அல்லது கூரையிலேயே வெடித்ததால் அதிர்வு பக்கவாட்டில் பரவி, நடுவில் கருப்பு, வெளியே போகப்போக ஆரஞ்சு, மஞ்சள் என்று வளையம் வளையமாகத் தெரியும். ஒலியைவிட வேகமாக வந்த வி-2 தரைக்குள் புகுந்து வெடித்து ஆழமான குழி பறிக்கும். வெளி வளையம் ஒப்பீட்டளவில் சுருங்கியிருக்கும். உங்கள் எல்லையை மேற்கே கொஞ்சம் நீட்டி, 1945 மார்ச் 8-இல் ஃபாரிங்டன் சந்தையைத் தாக்கிய வி-2-வின் இடத்தை வைத்து இதைப் பழகிக்கொள்ளலாம்.

வான்படத்தில் சரிபார்த்தல்

கூரை போய்ச் சுவர் நிற்கும் கட்டடம், மேலிருந்து அறை அறையாகப் பிரிந்த கூடுபோல் தெரியும். முழுதாகத் துப்புரவாக்கிய மனை வெளிர் நிறத்தில் தட்டையாக இருக்கும். சிட்டியில் மனைகளுக்கு ஆழமான நிலவறைகள் உண்டு. நிழல் விழுந்த பள்ளத்தைக் கூரை என்று எண்ணிவிடாதீர்கள். நிழல் எந்தப் பக்கம் விழுகிறது என்று பாருங்கள்: கட்டடத்தின் நிழல் வெளியே விழும், பள்ளத்தின் நிழல் உள்ளேயே கிடக்கும். அதைவிடக் குழப்புவது ஒழுங்கான ஓரங்களோடு வழவழவென்று கருத்த செவ்வகங்கள். தீயணைப்புக்காக, இடிந்த கட்டடங்களின் நிலவறைகளுக்குப் பூச்சுப் பூசி நீர் தேக்கினார்கள். பார்ப்பதற்குப் புத்தம்புதுக் கட்டடத்தின் தட்டைக் கூரை மாதிரியே இருக்கும், நிழல் மட்டும் இருக்காது.

சேத வரைபடமும் வான்படமும் முரண்பட்டால் வரைபடம் தவறு என்று உடனே திருத்தாதீர்கள். ஊதா மனை 1946 படத்தில் வெறும் தரையாக இருந்தால், மதிப்பீட்டுக்குப் பிறகு இடித்திருக்கலாம். வான்படத்தின் நிலையைத் தனிப் புலத்தில் எழுதுங்கள், மூல நிறத்தைத் தொடாதீர்கள்.

பரப்பும் வெளியீடும்

பரப்பைத் தேசியக் கட்டத்தில் மட்டுமே கணக்கிடுங்கள். இணைய மெர்கேட்டரில் கணக்கிட்டால் லண்டனின் அட்சரேகையில் எல்லாப் பரப்பும் சுமார் 2.6 மடங்காக வீங்கும். விகிதங்கள் சரியாகவே வருவதால் இந்தப் பிழை கண்ணில் படாது, ஹெக்டேர் கணக்கு மட்டும் அபத்தமாக இருக்கும்.

காட்சிக்கு மூல நிறங்களையே வைத்தால் வாசகர் பழைய தாளோடு ஒப்பிடலாம். ஆனால் நிறக்குறைபாடு உள்ளவர்களுக்குக் கருப்பு, ஊதா, அடர் சிவப்பு மூன்றும் ஒன்றாகத் தோன்றலாம். ஊதாவுக்கும் அடர் சிவப்புக்கும் வெவ்வேறு திசையில் சாய்கோடு சேர்த்தால் பிரச்சினை தீரும். உறுதி 3 உள்ளவற்றைப் புள்ளிக்கோட்டு விளிம்போடு காட்டுங்கள். குண்டுப் புள்ளிகளுக்கு, நெருக்கமாகப் பெரிதாக்கும் வசதியை 1:5000-க்கு மேல் பூட்டிவிடுங்கள். பூட்டாவிட்டால் வாசகர் தன் வீட்டுக் கூரை வரை பெரிதாக்கிப் பார்த்து, ஆவணத்தில் இல்லாத துல்லியத்தை எடுத்துக்கொள்வார்.

50 ஆண்டு கடந்த ஆர்ட்னன்ஸ் சர்வே அடித்தளத்துக்கு அரசுப் பதிப்புரிமை முடிந்துவிட்டது. ஸ்கேன் படத்துக்கும் வண்ணப் பூச்சுக்கும் அது பொருந்தும் என்று கொள்ள முடியாது. படத்தை வெளியிடும் முன் ஆவணக் காப்பகத்துக்கு எழுதி அனுமதி வாங்குங்கள்.

வரைபடத்தின் கீழே ஒரு வரி கட்டாயம் வேண்டும்: இது வெடிக்காத குண்டுகளுக்கான ஆபத்து வரைபடம் அல்ல. வெடித்த குண்டுதான் கட்டடத்தைச் சேதப்படுத்தி நிறம் வாங்கும். மண்ணுக்குள் புதைந்து வெடிக்காமல் போனது வெள்ளையாகவே நிற்கும். 2020 பிப்ரவரியில் சோஹோவின் டீன் தெருக் கட்டுமானத் தளத்தில்கூட உலகப்போர்க் குண்டு ஒன்று கிடைத்தது. அடித்தளம் தோண்டப் போகிறவர்கள் உங்கள் வரைபடத்தை நம்பி இறங்கக்கூடாது, அதற்கென்று இருக்கும் ஆய்வு நிறுவனத்திடம் போக வேண்டும்.